வாசகர் கேள்வி நேரம்: எடின்பரோ அணி கிண்ணத்தைத் தொலைத்தது எந்த நாளில்?

போன இதழில் ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட லீக் பற்றி இரண்டே வரி எழுதி, எடின்பரோ அணிக்காரனான என்னால் 1985–86 பருவகாலத்தை மறக்கவே முடியாது என்று முடித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுப் பக்கமும் அதற்குத்தான்.

எங்கள் தோட்டத்தின் பெயரே கிளாஸ்கோ. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் பக்கம், மீதிப் பேர் அதே நகரத்து ரேஞ்சர்ஸ் பக்கம். நீங்கள் மட்டும் ஏன் எடின்பரோ அணிக்காக உருகுகிறீர்கள்?
*– உயர்தர மாணவர், அக்கரபத்தனை*

தம்பி, காரணம் ரொம்பச் சின்னது. என் அப்பா பிறந்தது நானுஓயா எடின்பரோ தோட்டத்தில். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் வேலைக்குச் சேர்ந்தார். ரேடியோவில் எடின்பரோ என்ற சொல் விழுந்தால் போதும், கையில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார். ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை போட்டார். அவருக்கு முன்னும் பின்னும் வந்த துரைமார் ஊர் ஞாபகத்தில் வைத்த பெயர்கள்தான் உங்கள் கிளாஸ்கோ, எங்கள் எடின்பரோ, தலவாக்கலை ஹோலிரூட், பூண்டுலோயா டன்சினேன் எல்லாம். அவர்கள் போய்விட்டார்கள், பெயர் நம்மோடு தங்கிவிட்டது. அந்த மண்ணில் பிறந்தவர் அந்தப் பெயருள்ள ஊரின் அணியைத் தன் அணி என்று சொல்வதில் எனக்கு ஒரு வியப்பும் இல்லை. எடின்பரோவில் ஹிபேர்னியன் என்று இன்னொரு பெரிய கழகமும் இருக்கிறது. ஆனால் அப்பா காதில் முதலில் விழுந்தது ஹார்ட் ஒஃப் மிட்லோதியன் என்ற நீளமான பெயர். ஊரெல்லாம் சுருக்கமாக ஹார்ட்ஸ் என்று சொல்லும் அந்த அணியே எங்கள் வீட்டிலும் நிலைத்தது.

1985–86 இல் அப்படி என்னதான் நடந்தது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
*– வாசகி, தலவாக்கலை*

சொல்கிறேன் அக்கா. அப்போது மேல்மட்டப் பிரிவில் பத்து அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் நான்கு தடவை மோத வேண்டும், ஆக 36 ஆட்டம். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. ஹார்ட்ஸ் தொடங்கியபோது யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, முதல் எட்டு ஆட்டத்தில் ஐந்தில் தோல்வி. அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம்: அக்டோபரிலிருந்து ஏப்ரல் முடியும்வரை லீக்கில் 27 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அலெக்ஸ் மெக்டொனால்ட் பயிற்றுவித்த அணி, முன்னால் ஜோன் ரொபர்ட்சன், பின்னால் அனுபவசாலி சாண்டி ஜார்டின். 1960 க்குப் பிறகு கிடைக்காத லீக் சம்பியன் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

1986 மே 3, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். ஹார்ட்ஸ் 50 புள்ளி, செல்டிக் 48. ஹார்ட்ஸ் டண்டி அணியோடு அதன் மைதானமான டென்ஸ் பார்க்கில் ஒரு சமநிலை எடுத்தாலே போதும். செல்டிக் கிண்ணத்தை வெல்வதானால் ஹார்ட்ஸ் தோற்க வேண்டும், தாங்கள் செயின்ட் மிரன் அணியைக் குறைந்தது மூன்று கோலால் அடிக்கவும் வேண்டும். செல்டிக் தன் பங்கை இடைவேளைக்குள்ளேயே முடித்துவிட்டது, 4–0. இனி டென்ஸ் பார்க்கில் ஒரே ஒரு கோல் விழுந்தால் எல்லாம் தலைகீழ்.

82 நிமிடம் விழவில்லை. 83 ஆவது நிமிடத்தில் ஒரு கோர்னர் பந்து, மாற்று வீரராக இறங்கியிருந்த அல்பர்ட் கிட் அதை வலைக்குள் அடித்தார். நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் அவரே. டண்டி 2, ஹார்ட்ஸ் 0. அந்தப் பக்கம் செல்டிக் 5–0. இரண்டு அணிக்கும் 50 புள்ளி, கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கில், செல்டிக்குக் கிண்ணம்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது மின்சாரம் இல்லை. அன்று பகலில் நான் ரேடியோ பெட்டரியைக் கழற்றித் தகரத்தில் வெயிலில் காயப்போட்டு, பல்லால் ஓரிடத்தில் கடித்து, திரும்பப் போட்டு வைத்திருந்தேன், இரவு ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டுமே. ஒன்பது மணிக்கு மேல் பிபிசி ஆங்கிலச் செய்தியில் முடிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். சிற்றலையில் சத்தம் கிட்டவந்து தூரப்போகும். 'டண்டி' என்ற பெயரை அடுத்து 'டூ' என்று வந்தபோதே அப்பா என் தோளைப் பிடித்தார். அடுத்த அணியின் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் திருகியை அணைத்துவிட்டு, விளக்கையும் ஊதிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு வயது பதின்மூன்று. அந்த இருட்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

போன மாதம் எங்கள் டிவிஷன் அணி ஒரு சுற்றுப்போட்டியில் புள்ளியில் சமமாக வந்தும் கோல் வித்தியாசத்தில் வெளியே போய்விட்டது. இது நியாயமா ஐயா? உங்கள் ஹார்ட்ஸுக்கு நடந்ததும் அநியாயம்தானே?
*– இளைஞர் கழகச் செயலாளர், மஸ்கெலியா*

உங்கள் பையன்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஹார்ட்ஸ் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

1965 ஏப்ரலிலும் இதே ஹார்ட்ஸ், இதே கடைசி நாள். சொந்த மைதானமான டைன்காசலில் கில்மார்னொக்கோடு ஆட்டம். ஒரு கோலால் தோற்றிருந்தால்கூடக் கிண்ணம் ஹார்ட்ஸுக்குத்தான், தோற்றதோ 2–0. இருவருக்கும் 50 புள்ளி. அன்றைக்கு விதி கோல் வித்தியாசம் இல்லை, கோல் சராசரி. அதாவது அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்க வேண்டும். ஹார்ட்ஸ் அடித்தது 90, வாங்கியது 49: 1.84. கில்மார்னொக் அடித்தது 62, வாங்கியது 33: 1.88. நூற்றில் நான்கு பங்கு வித்தியாசத்தில் கிண்ணம் போனது. கழித்துப் பார்க்கும் விதி அன்று இருந்திருந்தால் ஹார்ட்ஸுக்கு 41, கில்மார்னொக்குக்கு 29, கிட்டவே வர முடியாது.

அப்புறம் விதியை மாற்றினார்கள். 1986 இல் கழித்துப் பார்த்தார்கள். செல்டிக் 67 அடித்து 38 வாங்கியது, 29. ஹார்ட்ஸ் 59 அடித்து 33 வாங்கியது, 26. இப்போது இதையே பழைய விதிப்படி வகுத்துப் பாருங்கள்: செல்டிக் 1.76, ஹார்ட்ஸ் 1.79. பழைய விதி இருந்திருந்தால் 1986 கிண்ணம் ஹார்ட்ஸுக்கு, புதிய விதி இருந்திருந்தால் 1965 கிண்ணமும் ஹார்ட்ஸுக்கு. ஒரே அணிக்கு இரண்டு முறையும் விதி எதிர்ப்பக்கம் நின்றது. இந்தக் கணக்கை நான் முதன்முதலில் ஒரு கொப்பியின் பின் அட்டையில் போட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது.

இருந்தாலும் கழித்துப் பார்ப்பதுதான் சரி. சராசரி விதியில் கோல் வாங்காமல் கதவை அடைத்துக்கொண்டு ஆடுபவனுக்கு லாபம் அதிகம். கழிக்கும் விதியில் நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு கோலுக்கும் ஒரே மதிப்பு. ஹார்ட்ஸ் கிண்ணத்தைத் தொலைத்தது மே 3 ஆம் திகதி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முதல் எட்டு ஆட்டத்தில் தோற்ற ஐந்தில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, சமநிலைக்குக் கொண்டுவந்திருந்தால் 51 புள்ளி. அல்பர்ட் கிட் ஆறு கோல் அடித்திருந்தாலும் கிண்ணம் எடின்பரோவுக்குத்தான். நம் பக்கத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு ஒரு கிலோ குறைவாகக் காட்டி அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால், அந்தக் கிலோ பின்னேர நிறுவையில் குறைந்ததில்லை, காலையில் முதல் நிரையில் விட்டது.

உங்கள் அணியின் ஆட்டங்களை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். 3–0 என்று முன்னிலையில் இருக்கும்போது போதும் என்று நின்றது எந்த ஆட்டத்தில், தோல்வி உறுதியான பிறகு கடைசியில் கைவிட்டு இன்னும் இரண்டு வாங்கியது எந்த ஆட்டத்தில் என்று தெரியவரும்.

ஒரே ஒரு கோலில் ஸ்கொட்லாந்துக் கிண்ணம் மாறியது உண்டா?
*– வாசகர், பண்டாரவளை*

உண்டு, 2003 மே 25. ரேஞ்சர்ஸும் செல்டிக்கும் தலா 97 புள்ளி. ரேஞ்சர்ஸ் டன்ஃபேர்ம்லினை 6–1 என வென்றது, செல்டிக் கில்மார்னொக்கை 4–0. முடிவில் கோல் வித்தியாசம் 73 க்கு 72. கில்மார்னொக்கில் செல்டிக் ஒரு பெனல்டியைத் தவறவிட்டது. ரேஞ்சர்ஸின் ஆறாவது கோல் மேலதிக நேரத்தில் கிடைத்த பெனல்டி, அடித்தவர் மிக்கேல் ஆர்டெட்டா. ஆர்சனல் பயிற்றுநராக உங்களுக்குத் தெரிந்த அதே ஆள்தான்.

இப்போது 12 அணிகள்தானே, அப்படியானால் 38 ஆட்டம் எப்படி வருகிறது?
*– மாணவி, ஹட்டன்*

நல்ல கேள்வி மகள். ஒவ்வோர் அணியும் மற்ற பதினொன்றோடு மூன்று தடவை ஆடினால் 33. அதோடு பட்டியலை நடுவில் வெட்டிவிடுவார்கள், மேலே ஆறு, கீழே ஆறு. அவரவர் பாதிக்குள் மட்டும் இன்னும் ஐந்து ஆட்டம். மொத்தம் 38. 2000–01 இல் இந்த முறை வந்தது. ஒரு வேடிக்கையும் உண்டு: வெட்டிய பிறகு ஏழாவது அணி ஆறாவது அணியைவிட அதிகப் புள்ளி எடுத்தாலும் ஏழாவதாகவே நிற்கும்.

எப்போதும் செல்டிக், இல்லாவிட்டால் ரேஞ்சர்ஸ். முடிவு தெரிந்த லீக்கைப் பார்த்து என்ன பயன்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொகவந்தலாவை*

ஆசிரியர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. 1985–86 இல் தொடங்கி 2024–25 வரை நாற்பது பருவகாலம், கிண்ணம் அந்த இரண்டு கிளாஸ்கோ கழகங்களை விட்டு வெளியே போகவே இல்லை. 83 ஆவது நிமிடம்வரை ஹார்ட்ஸ் சம்பியனாக இருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாளின் பாரம் தெரியும்.

அதற்குச் சற்று முந்திய காலம் வேறு. அலெக்ஸ் பெர்குசனின் அபர்டீன் 1980, 1984, 1985 என மூன்று முறை லீக்கை வென்றது, 1983 இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ண இறுதியில் ரியல் மட்ரிட்டையே 2–1 என வென்றது. அதே 1983 இல் லீக் சம்பியன் கிண்ணம் டண்டி யுனைட்டெட்டுக்கு. கடைசி நாளில் அவர்கள் டண்டியை வென்று சம்பியனான மைதானமும் டென்ஸ் பார்க்தான். இரண்டு கழகத்தின் மைதானமும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில். மேல் லயத்து அணி கீழ் லயத்து மைதானத்தில் போய்க் கிண்ணம் தூக்கியது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் அப்பா ஹார்ட்ஸை விட்டுவிட்டாரா?
*– வாசகி, இராகலை*

இல்லையம்மா. 1986 இல் ஒரு வாரம் கழித்து, லீக்கிலிருந்து தனியான போட்டியான ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியிலும் அபர்டீனிடம் 3–0 என்று தோற்றார்கள், அதை நான்தான் அவரிடம் சொல்லாமல் இரண்டு நாள் மறைத்தேன். பிறகு எத்தனையோ வருடம் ஒன்றுமில்லை. 1998 மே மாதம் அதே கிண்ணத்தின் இறுதியில் ரேஞ்சர்ஸை 2–1 என்று வென்றார்கள். அப்பா அப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார், வீட்டுக்கு மின்சாரமும் வந்திருந்தது. முடிவைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த செய்தியிலும் அதே எண்ணைச் சொல்கிறார்களா என்று பார்க்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.