மரமும் கணப்புத் தட்டும்: கிறிஸ்துமஸ் அலங்காரக் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் தேவாலயத்துக்கும் தெரிந்தவர்களின் வீடுகளுக்கும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்து வருகிறேன். மரத்தையும், கணப்பின் (சுவரோடு கட்டிய, குளிர்காயும் அடுப்பின்) மேலிருக்கும் தட்டையும் எப்படி இசைய வைப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, எங்களுடையது பழைய செங்கல் வீடு. கணப்பும் பூசாத செங்கல்தான். மரத்தில் சிவப்பு உருண்டைகள், தட்டிலும் சிவப்பு உருண்டைகள் வைத்தேன். தட்டில் வைத்தது எதுவும் எடுபடவில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

செங்கல் உங்கள் சிவப்பை விழுங்கிவிட்டது. நிறத்தை முடிவு செய்ய வேண்டியது கடையில் அல்ல, நகர்த்த முடியாத பொருளின் முன்னால் நின்று. உங்கள் வீட்டில் அது செங்கல். அதன் மேல் கரும்பச்சை இலையும் பாலேட்டு நிறமும் செம்பு நிறமும் பளிச்சென்று தெரியும். சிவப்பு உருண்டைகள் மரத்திலேயே இருக்கட்டும்.

பிறகு எப்படிப் பொருத்தம் வரும் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு பொருளை இரண்டு இடத்துக்கும் பொதுவாக்குங்கள். நான் பெரும்பாலும் ரிப்பனைத்தான் எடுப்பேன். ஒரே சுருளில் வெட்டிய ரிப்பன் மரத்தில் மேலிருந்து கீழாக இறங்கட்டும். தட்டில் தோரணத்தின் ஒரு முனையில் முடிச்சாக நிற்கட்டும். மரமும் தட்டும் அக்காள் தங்கையாகத் தெரிந்தால் போதும், இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டாம்.

தோரணத்தின் நீளத்தை அளந்து வாங்குங்கள். தட்டு ஒன்றரை மீட்டர் என்றால், இரு பக்கமும் 45 சென்டிமீட்டர் தொங்க 2.4 மீட்டர் வேண்டும். தட்டின் நீளத்துக்கே வாங்கினால் விளிம்பில் வெட்டுப்பட்டது போல் நிற்கும்.

மர விளக்கு நீலம் கலந்த வெள்ளை, தட்டு விளக்கு மஞ்சள். கண்ணை உறுத்துகிறது. (லெனேசியா)

இரண்டில் ஒன்றை மாற்றத்தான் வேண்டும். மஞ்சள் சாய்ந்த வெள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். மரச்சட்டமும் செங்கலும் அதில் அழகாகத் தெரியும். தட்டுக்கு பேட்டரியில் எரியும் சரம் நல்லது. கணப்புக்குக் குறுக்கே வயர் தொங்காது, மின்வெட்டு வந்தாலும் அறை இருண்டுவிடாது. ஆறு மணி நேரம் எரிந்து தானாக அணையும் வகை கிடைக்கிறது.

தட்டில் பஞ்சு விரித்துப் பனி போலச் செய்தேன். முப்பது டிகிரி வெயிலில் பார்க்கவே வெக்கையாக இருக்கிறது. (டர்பன்)

பஞ்சை எடுத்துவிடுங்கள். டிராகன்ஸ்பர்க் மலையிலேயே பனி விழுவது பெரும்பாலும் நம் குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான். நம் டிசம்பருக்கு அதற்கே உரிய பூ இருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவை இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் ரோஜா என்றே அழைக்கிறார்கள். அப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அகபாந்தஸும் அதே நாட்களில் நீலமும் வெள்ளையுமாக நிற்கும். மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஹைட்ரேஞ்சியாவைத் தட்டின் ஒரு பக்கமாக வைத்து, அதே நீல நிற உருண்டைகளை மரத்தில் தொங்கவிடுங்கள். கொத்து வாடித் தலை சாய்ந்தால், பூவோடு முழுவதும் தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். இதழ்களே தண்ணீர் குடிக்கும். பெரும்பாலும் மறுபடி நிமிர்ந்துவிடும்.

பாயின்செட்டியா செடி ஏன் சிவக்கவில்லை என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இரவு நீளும் பருவத்தில்தான் அதன் மேலிலைகள் சிவக்கும். நமக்கு டிசம்பரில் பகல்தான் நீளம்.

எங்கள் கணப்புத் தட்டின் நடுவில் மாமனாரின் படம், சந்தன மாலையோடு இருக்கிறது. அத்தை அதை நகர்த்தக் கூடாது என்கிறார். பிள்ளைகளுக்கோ தட்டில் அலங்காரம் வேண்டும். (ஃபீனிக்ஸ்)

அத்தை சொல்வது சரி. அந்தத் தட்டு ஏற்கெனவே அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. மற்றதை அதற்கு இசைய அமைப்போம்.

இதே போன்ற ஒரு வீட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். படத்தைத் தொடவில்லை. சந்தன மாலையின் வெளிர் பழுப்பும் அதன் ஜரிகைக் குஞ்சத்தின் பொன் நிறமும்தான் மரத்துக்கு நிறம் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் மரமணிகளை நூலில் கோத்து மரத்தைச் சுற்றினார்கள். பழைய பட்டுப்புடவை ஒன்றின் கரையை வெட்டி, உச்சியில் நட்சத்திரத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டோம். தட்டில் படத்தின் இரு பக்கமும் ஒரு முழம் இடம் வெறுமையாக விட்டு, ஓரங்களில் மட்டும் பச்சைத் தழை வைத்தோம். உருண்டையோ பொம்மையோ படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. மாலையில் பாட்டி வழக்கம்போல் விளக்கேற்றினார். அந்தச் சுடர் மரத்தின் ஜரிகையிலும் மின்னியது. நான் செய்த அலங்காரங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

விளக்குச் சுடருக்கு அருகில் தழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் காலுறைகளை மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கவிடலாம்.

எங்கள் வீட்டில் கணப்பே இல்லை. இடமும் குறைவு. (சாட்ஸ்வொர்த்)

டி.வி. மேசையோ புத்தகத் தட்டோ போதும். மரமும் தரையில் நிற்க வேண்டியதில்லை. விக்டோரியா மகாராணியின் குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் புகழ்பெற்ற படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது; அதில் மரம் நிற்பது ஒரு மேசையின் மேல்தான். அறுபது சென்டிமீட்டர் மரத்தைத் தட்டின் ஒரு முனையில் வைத்து, மறுமுனை வரை ஒரே தோரணத்தை ஓட விடுங்கள். ஜூலு பெண்கள் பாசிமணியில் செய்யும் நட்சத்திரங்கள் சின்ன மரத்துக்கு மிகப் பொருத்தம், கனமில்லை, உடையாது.

ஹில்டனில் மூடுபனி இறங்கினால் டிசம்பர் இரவிலும் கணப்பை மூட்டுவோம். மரமும் நிஜ பைன். பரவாயில்லையா?

மூட்டுவதாக இருந்தால் தட்டிலிருந்து எதுவும் கீழே தொங்கக் கூடாது. ரிப்பன், தோரணம், காலுறை எல்லாமே எடுக்கப்பட வேண்டும். மரம் கணப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும். வாங்கி வந்ததும் அடித்தண்டில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். அறுக்காவிட்டால் பிசின் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறாது. தினமும் காலையில் தொட்டியைப் பாருங்கள். ஒரு கிளையை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள்: ஊசிகள் கையோடு வந்தால் மரம் காய்ந்துவிட்டது. அதன் பிறகு கணப்பை மூட்டாதீர்கள், மரத்தையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் முடியாவிட்டாலும்.