கொரிய வாக்கியத்தில் எழுவாய் எது? கேள்வி பதில்

கேள்வி: எழுவாய் உருபு என்று சொல்லித்தரும் 'இ', 'கா' ஒட்டிய சொல் எல்லாமே எழுவாய்தானே?

பதில்: முக்கால்வாசி நேரம் ஆமாம். ஆனால் 'முல்-இ ஒரும்-இ த்வெஸ்ஸொயோ' (தண்ணீர் பனிக்கட்டி ஆனது) என்பதைப் பாருங்கள், இரண்டு சொல்லிலும் 'இ' இருக்கிறது. எழுவாய் தண்ணீர் மட்டும்தான், மற்றது நிரப்பு (பயனிலையின் பொருளை முழுமையாக்கும் சொல்) என்றுதான் கொரியப் பள்ளி இலக்கணமே சொல்கிறது.

கேள்வி: அப்போ 'நுன்' வந்தால்?

பதில்: அது எழுவாய் உருபே இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும், அவ்வளவுதான். 'பாப்-உன் மொகொஸ்ஸொயோ' என்றால் 'சோறு சாப்பிட்டாச்சு'. சோறு அங்கே செயப்படுபொருள், சோறா வந்து சாப்பிட்டது? (மெய்யெழுத்துக்குப் பிறகு நுன், உன் ஆகிவிடும்.)

கேள்வி: பேச்சில் உருபையே விட்டுவிடுகிறார்களே, எப்படிப் பிடிப்பது?

பதில்: பயனிலையைப் பிடியுங்கள். தமிழில் வந்தான், வந்தாள் என்று விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். கொரிய வினையில் திணை, பால், எண், இடம் எதுவும் ஏறாது, ஆனால் மரியாதை ஏறும், அதுதான் 'ஷி'. தம்பி பாட்டியைத் தேடினால் 'சாஜஸ்ஸொயோ', பாட்டி தம்பியைத் தேடினால் 'சாஜுஷ்யொஸ்ஸொயோ'. பாட்டி இரண்டிலும் இருக்கிறார், ஆனால் தேடுபவர் அவராக இருந்தால்தான் அந்த 'ஷ்' வருகிறது. எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த இடம் இது.

கேள்வி: 'ஹல்மொனி-நுன் க்வி-கா பல்குஸேயோ', பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்கும். 'கா' காதில் ஒட்டியிருக்கிறது, வினையில் அந்த 'ஷி' 'ஸே'யாக வந்திருக்கிறது, மரியாதை காதுக்கா?

பதில்: பாட்டிக்குத்தான், காது வழியாக. 'கோக்கிரி-நுன் கோ-கா கில்தா' (யானைக்குத் தும்பிக்கை நீளம்) மாதிரி இதுவும் இரட்டை எழுவாய் வாக்கியம்: 'காது கூர்மை' என்ற சின்ன வாக்கியம் முழுவதும் பாட்டிக்குப் பயனிலை. உடல் உறுப்பு, உடைமை என்றால் மரியாதை உடையவரைப் போய்ச் சேரும். இதையே நீட்டிக் காப்பிக் கடைகளில் 'கொப்பி நாஓஷ்யொஸ்ஸும்னிதா', அதாவது காப்பி வந்துவிட்டார் என்கிறார்கள். அது தவறு என்று தேசிய கொரிய மொழி நிறுவனமே சொல்லியிருக்கிறது, நீங்கள் பழகிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 'நா-நுன் பேம்-இ முசொவொயோ', எனக்குப் பாம்பு பயம். எழுவாய் நானா, பாம்பா?

பதில்: 'இ' பாம்பிடம் இருக்கிறது. சரி, 'நான்' இருக்கும் இடத்தில் பாட்டியை வையுங்கள், வினை 'முசொஉஸேயோ' ஆகிவிடும். பாம்புக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? பயப்படுகிறவர் பக்கம்தான் நான் நிற்பேன்.