ஆறு மடங்கு

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. சமூக ஊடகங்களில் வதந்தி பரவும் விதம் என்பது என் தலைப்பு. அதனாலேயே நாள் முழுக்க அங்கேயே கிடக்கிறேன். உடன் படிக்கிறவர்கள் தினம் ஒரு பதிவு போடுகிறார்கள்: கட்டுரை ஏற்கப்பட்டது, மாநாட்டுக்கு அழைப்பு வந்தது என்று. இரவு இரண்டு மணிக்கு அதையெல்லாம் பார்த்துவிட்டு, நான் மட்டும் ஒன்றும் செய்யவில்லையே என்று அழுதிருக்கிறேன். நெறியாளரோ, ‘கட்டுரை எழுதினால் மட்டும் போதுமா, நாலு பேர் பார்க்க வேண்டாமா, உனக்கு ஃபாலோயர்களே இல்லையே’ என்கிறார். ஆய்வாளருக்கு மேற்கோள்களை வைத்து மதிப்பெண் போடும் எச்-இன்டெக்ஸை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

முதல் இயலை ஒருவழியாக முடித்துவிட்டேன். ‘பொய்ச் செய்தி உண்மையைவிட ஆறு மடங்கு வேகமாகப் பரவுகிறது’ என்பது அதன் முதல் வரி. ஒரு பதிவில் வந்த வரைபடத்திலிருந்து எடுத்தேன்; பெரிய இதழில் வந்த ஆய்வுதான். மற்றச் சான்றுகளில் 14ஐ இதே துறையில் வந்த ஒரு நல்ல கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஆய்வு முடியும்வரை சமூக ஊடகத்தை விட்டுவிடலாமா? விட்டால் பின்தங்கிவிடுவேனா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

அழுததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கெட்ட மூளைக்குப் பிறருடைய வெற்றி எல்லாம் தன் தோல்வியாகவே தெரியும். முதலில் அந்த நேரத்தில் போனை வேறு அறையில் வையுங்கள்.

ஃபாலோயர் கணக்கை விடுங்கள். கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் ஆல்ட்மெட்ரிக் என்று ஒரு வண்ண வளையம் இருக்குமே, அது எண்ணுவது கவனத்தை. பாராட்டிப் பகிர்ந்தாலும் திட்டிப் பகிர்ந்தாலும் அதற்குப் பகிர்வுதான். நெறியாளர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்கு ஐந்து இருந்தால் அவர் எண் 5. இரண்டே கட்டுரை எழுதியவர் உலகப் புகழ் பெற்றாலும் அது 2ஐத் தாண்டாது. இரண்டாம் ஆண்டில் அதை நினைத்துப் பயப்படுவது வீண்.

என்னை உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயம். ஒன்று அந்த ஆறு மடங்கு. இன்னொன்று அந்தப் பதினான்கு. படிக்காததை மேற்கோள் காட்டுவதைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ஆறு மடங்கின் மூலம், 2018 மார்ச்சில் சயன்ஸ் இதழில் வோசூகி, ராய், அரால் மூவரும் எழுதிய கட்டுரை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 பகிர்வுத் தொடர்களை, அதாவது ஒருவர் இட்டதை மற்றவர்கள் அடுத்தடுத்துப் பகிர்ந்த சங்கிலிகளை எடுத்து, ஏறக்குறைய 30 லட்சம் பேர் பகிர்ந்ததை அலசியிருக்கிறார்கள். அதில் ஆறு என்ற எண் எங்கே வருகிறது தெரியுமா? 1,500 பேரைச் சென்றடைய, பொய்க்கு ஆன நேரத்தைப் போல உண்மைக்குச் சுமார் ஆறு மடங்கு நேரம் ஆனது. அந்த ஓர் அளவைக்கு மட்டும்தான் ஆறு. பத்து அடுக்கு ஆழத்தை, அதாவது ஒருவரிடமிருந்து அடுத்தவர் என்று பத்துக் கை மாறுவதை எட்டுவதற்கு எடுத்த நேரத்தைப் பார்த்தால் அதே கட்டுரையில் 20 மடங்கு. ரீட்வீட் செய்யப்படும் வாய்ப்பு என்று பார்த்தால் பொய்க்கு 70 சதவீதம் கூடுதல். மூன்றும் மூன்று வெவ்வேறு அளவைகள். போதாததற்கு, உண்மைச் செய்தி ஆயிரம் பேரைத் தாண்டுவதே அபூர்வம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் 1,500ஐத் தொட்ட உண்மைகள் எத்தனை சொற்பமாக இருக்கும்! உங்கள் வாக்கியத்தில் இந்த 1,500 இல்லை. ட்விட்டர் இல்லை. ஆண்டும் இல்லை.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு: அவை எந்தச் செய்திகள்? ஆறு சரிபார்ப்பு அமைப்புகள் எடுத்து ஆராய்ந்து, உண்மை அல்லது பொய் அல்லது இரண்டும் கலந்தது என்று தீர்ப்புச் சொன்னவை. யாரும் சந்தேகப்படாத உண்மை அந்த அமைப்புகளின் கைக்கே போவதில்லை. தேர்வில் சாய்வு வரலாம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் எந்த அமைப்பும் தொடாத வதந்திகளை இன்னொரு மாதிரியாக எடுத்து, மூன்று இளங்கலை மாணவர்களைக் கொண்டு தனியாகச் சரிபார்த்தார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது. அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். வரைபடத்தை வெட்டிப் பதிவு போட்டவருக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. உங்களுக்குத் தேவை.

கதை அங்கேயும் முடியவில்லை. 2021இல் யூல், உகாண்டர் இருவரும் பிஎன்ஏஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் இதழில், அதே தரவை எடுத்து ஒரே அளவுள்ள தொடர்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஆயிரம் பேரை எட்டிய பொய்யை ஆயிரம் பேரை எட்டிய உண்மையோடு மட்டும் வைத்துப் பார்ப்பது போல. அப்படிச் செய்ததும், பொய்க்கும் உண்மைக்கும் இடையே பரவும் வடிவத்தில் தெரிந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதாவது, பொய்க்கென்று தனிப் பாதை இருப்பதாக அந்தத் தரவு காட்டவில்லை. பொய் அதிகம் பேரைத் தொற்றுகிறது, அதனால் தொடர் பெரிதாகிறது, பெரிய தொடர் ஆழமாகவும் இருக்கிறது. உங்கள் தலைப்பே ‘பரவும் விதம்’. இந்த இரண்டாவது கட்டுரையைப் பார்க்காமல் முதல் இயல் முடிந்துவிட்டது என்று எப்படி எழுதினீர்கள்? மூலத்தைத் திறந்து, அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளையும் துருவியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். வதந்தியை ஆராய்கிறவர் தன் ஆய்வேட்டின் முதல் வரியை யாரோ கத்தரித்துப் போட்ட படத்திலிருந்து எடுத்திருக்கிறார் என்பதை என்னால் சுலபமாக விட முடியவில்லை. கோபமாகத்தான் சொல்கிறேன்.

பழியை ஊடகத்தின் மேல் போட்டுவிடவும் முடியாது. அந்தப் பதினான்கு பட்டியலிலிருந்து வந்தவை, பதிவிலிருந்து வந்தவை இல்லை. ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2003இல், சிம்கின், ராய்சௌதுரி என்ற இருவர் இந்தப் பழக்கத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். 1973இல் வந்த புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கு அப்போது நாலாயிரத்துச் சொச்சம் மேற்கோள்கள். அவற்றில் 196 இடங்களில் தொகுதி எண், பக்க எண் போன்றவை தப்பாக அச்சாகியிருந்தன. ஆனால் தனித்தனித் தப்புகள் 45தான். ஒரே தப்பான பக்க எண் 78 பேரிடம் இருந்தது! மூலத்தைப் பார்த்து எழுதும் 78 பேர் அதே இலக்கத்தில் தனித்தனியாகத் தவற மாட்டார்கள். ஒருவர் தவறினார், மற்றவர்கள் பட்டியலைப் பார்த்து எடுத்தார்கள். அதை வைத்து, மேற்கோள் காட்டுவோரில் மூலத்தைப் படித்தவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். பட்டியலை நகலெடுப்பதும் பார்த்ததைப் பார்த்தபடி பகிர்வதும் ஒரே கைப்பழக்கம். ஊடகம் அதற்கு வேகம் கொடுத்தது.

பக்க எண் தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியம் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்கள் அதற்கு அடிமையானதாக ஓரளவு உறுதியாகப் பதிவானது நான்கு பேர் மட்டும் என்றது அது. 2017இல் அதே இதழில் ஒரு குழு அந்தக் கடிதத்துக்கு வந்த 608 மேற்கோள்களையும் எடுத்துப் படித்தது. 72 சதவீதம் பேர் ‘அடிமையாவது அரிது’ என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். அவர்கள் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகள் என்ற ஒற்றை நிபந்தனையை 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குறிப்பிடவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரைக்கு அந்தக் கடிதம் எதையும் சொல்லவில்லை. பிறகு வட அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் அந்த மாத்திரைகளுக்கு அடிமையானது உங்களுக்கே தெரியும். மேற்கோளில் முதலில் உதிர்வது நிபந்தனைதான், எண் கடைசிவரை நிற்கும். உங்கள் ஆறைப் போல.

எனவே பதினான்கையும் திறங்கள். ஒன்றுக்கு அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று நாள் வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணிலிருந்து தொடங்குங்கள், 10 என்று தொடங்கி நடுவில் ஒரு சாய்கோடு வரும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுக்கும்போது வாக்கியத்தின் முற்றுப்புள்ளி கடைசியில் ஒட்டிக்கொள்ளும், அல்லது வரி உடையும் இடத்தில் ஓர் இடைவெளி புகுந்துவிடும். பல நேரம் இணைப்பு திறக்காததற்கு அதுவே காரணம். திறந்த பக்கத்தில் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பட்டியல்களில் ஆசிரியர் பெயரும் இதழின் பெயரும் நம்பும்படி இருக்கும், சில நேரம் எண்ணைச் சொடுக்கினால் வேறொரு கட்டுரை திறக்கும். அல்லது எதுவுமே திறக்காது. நீங்கள் நகலெடுத்த பட்டியலுக்குள் அப்படி ஒன்று ஏற்கெனவே புகுந்திருக்கலாம்.

அடுத்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023இல் டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஜோட்டேரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் கட்டுரையைச் சேர்த்து வைத்திருந்தால், திரும்பப் பெறப்பட்டதும் அதுவே எச்சரிக்கும். உங்கள் கணினியில் எப்போதோ இறக்கி வைத்த கோப்புக்கு எதுவும் தெரியாது, அது பழையபடியே இருக்கும். ஆர்க்கைவ் இணையதளத்தில் எடுத்த ப்ரீபிரிண்ட், அதாவது இதழில் வருவதற்கு முந்தைய பிரதி என்றால் எத்தனையாவது வடிவம் என்று குறியுங்கள். முதல் வடிவத்தில் இருந்த எண் மூன்றாவதில் மாறியிருக்கலாம்.

பிறகு உங்கள் வாக்கியத்துக்கு ஆதாரமான இடத்தைத் தேடுங்கள். சுருக்கத்தோடு நிற்காமல் முறையியல் பகுதிக்கும் அட்டவணைக்கும் போங்கள். போன இடத்தில் இன்னொரு மேற்கோள் எண்தான் இருக்கிறது என்றால், நீங்கள் இன்னும் மூலத்துக்கு வரவில்லை, அதையும் திறங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் வாக்கியம், பக்க எண்ணோடு அவர்களுடைய வாக்கியம், நிபந்தனை, அதாவது யார், எங்கே, எப்போது, எத்தனை பேர். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரி எதுவும் ஆய்வேட்டுக்குள் போகக்கூடாது. முழுக் கட்டுரை கிடைக்காவிட்டால் உலாவியில் அன்பேவால் என்ற செருகுநிரலைப் போட்டுப் பாருங்கள், ஆசிரியர் வைத்த இலவசப் பிரதி இருந்தால் காட்டும். இல்லாவிட்டால் அவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அப்படியும் கிடைக்கவில்லையா, இன்னாருடைய கட்டுரை வழியாக எடுத்தது என்று வெளிப்படையாக எழுதுங்கள். அது நேர்மை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஊடகத்தை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தரவே அங்கேதான் இருக்கிறது, எப்படி விடுவீர்கள்? தரவு எடுக்கத் தனிக் கணக்கு ஒன்று வைத்து, பகலில் ஒரு மணி நேரம் குறித்துக்கொண்டு போய்வாருங்கள். எடுக்கும் பதிவை அன்றே சேமியுங்கள், நாளை அழிக்கப்பட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் நம்பியிருந்த ட்விட்டரின் இலவசத் தரவு வழி 2023இலும், ஃபேஸ்புக் பதிவுகளைத் தொடர உதவிய கிரௌட்டேங்கிள் கருவி 2024இலும் மூடப்பட்டன. தோழிகளின் பதிவுகள் இருக்கும் கணக்கைக் கொஞ்ச காலம் மூடி வைத்தால் பின்தங்கிவிட மாட்டீர்கள். அங்கே நீங்கள் பார்த்ததும் தேர்ந்தெடுத்த மாதிரிதான் அம்மா. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகள் அந்த மாதிரிக்குள் வருவதில்லை.

முதல் வரியை இப்படி மாற்றலாம்: ‘2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவி, சரிபார்ப்பு அமைப்புகள் தீர்ப்பளித்த செய்திகளில், 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிடச் சுமார் ஆறு மடங்கு நேரம் ஆனது.’ நீளம்தான். கவர்ச்சியும் இல்லை. அடுத்த வரியில் 2021 கட்டுரை வரட்டும்.

பதினான்கில் எத்தனை தேறின என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.