கூரையை முதலில் மாற்றுங்கள், தம்பி

(பட்டாள வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு உச்சிப்புளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இருபது வயதில் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போய் ஓட்டத்தில் தவறிவிட்டேன். பிறகு இரண்டு தங்கைகளின் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது என்று வருடங்கள் ஓடிவிட்டன. டெரிட்டோரியல் ஆர்மியில் 42 வயது வரை சேரலாம் என்று தெரிந்ததும் அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்த அழைப்பு மாதக்கணக்கில் வரவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தடவை மெயிலைத் திறந்து பார்க்கிறேன். வேலையில் மனம் ஒட்டவில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது அப்படியே நிற்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தயாராகலாமா என்று பார்க்கிறேன். மனைவிக்கு இதில் அரை மனசுதான். டீக்கடையில் "என்ன கர்னல், இன்னும் கிளம்பலையா?" என்கிறார்கள். இந்தக் காத்திருப்பை எப்படித் தாண்டுவது?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

உங்கள் மேல் உள்ள அக்கறையில் மட்டும் இதைச் சொல்லவில்லை. டெரிட்டோரியல் ஆர்மி என்பது 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி தொடங்கிவைத்த படை. வெளியே சொந்தமாக ஒரு பிழைப்பு வைத்திருப்பவர்களுக்கான படை. சம்பாதிக்கிற ஆள் என்பதுதான் அதிகாரி விண்ணப்பத்தின் அடிப்படைத் தகுதியே. வேலையை உதறிவிட்டுத் தயாராகப் போனால் இருக்கிற தகுதியும் போய்விடும். ஐஸ் கம்பெனியில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுக்கிறார்களா? அப்படியென்றால் இந்த வாரமே முதலாளியிடம் கேட்டு வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சம்பளச் சான்று வாங்குங்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். முப்பது தடவை மெயில் பார்க்கிற நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிடும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒரு கணக்கு. 2023 அறிவிப்பில் அதிகாரி இடம் மொத்தம் 19. நாடு முழுவதற்கும்தான். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு முதல்கட்ட நேர்முகம், எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவத் தேர்வு வாரியத்தில் ஐந்து நாள், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை என்று வரிசை நிற்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதங்கள் போகும். உங்களை மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அதன் நடை அப்படி. எல்லாம் தாண்டினாலும் பென்ஷன் நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். வருடத்தில் இரண்டு மாதம் பயிற்சி முகாம், முதல் வருடம் அதற்கு மேல் ஒரு மாதம் அடிப்படைப் பயிற்சி, முதல் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு மூன்று மாதப் பயிற்சி. நாட்டுக்கு நெருக்கடி என்றால் அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரும். 2025 மே மாதம் அந்தப் படையின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணியில் இறக்க அனுமதி கொடுத்தார்களே, பேப்பரில் படித்திருப்பீர்கள். இதையெல்லாம் உங்கள் மனைவியிடம் இப்படி மாதம் மாதமாகக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? "பார்ட் டைம்தான்" என்று சொல்லிவைத்திருந்தால் அவருக்கு அரை மனசு இருப்பதே பெரிய விஷயம்.

என் கதையைச் சொல்கிறேன். 1983-ல் ஆள்சேர்ப்பில் தேறினேன். "லெட்டர் வரும், போ" என்றார்கள். ஒன்பது மாதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் எங்கள் தெரு முனையில் திரும்பினாலே எழுந்து நிற்பேன். அவர் பாவம், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். அந்த வருடம் எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றியே ஆக வேண்டும். நான்தான் போகப் போகிறேனே, முதல் சம்பளத்தில் ஓடே போட்டுவிடலாம் என்று சொல்லி அம்மாவைத் தடுத்துவிட்டேன். ஐப்பசி மழை வந்தது. ஒழுகுகிற இடத்தில் பித்தளைக் குண்டான் ஒன்று, அலுமினியச் சட்டி ஒன்று. ராத்திரி முழுக்க இரண்டும் இரண்டு விதமாகச் சத்தம் போடும். மூலையில் இருந்த நெல் மூட்டை அடியில் நனைந்து முளைவிட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முளைத்த நெல்லைச் சுளகில் அள்ளிக்கொண்டு வந்து, திண்ணையில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். லெட்டர் தை மாதம் வந்தது. சேர வேண்டிய தேதிக்கு முன்னால் நான்கு நாள் உட்கார்ந்து கூரையை வேய்ந்துவிட்டுத்தான் நீலகிரியில் இருக்கிற வெலிங்டன் பயிற்சி மையத்துக்குக் கிளம்பினேன். 28 வருட சர்வீஸில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தச் சுளகு மாதிரி எதுவும் உறைக்கவில்லை.

உங்கள் அஸ்திவாரத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. கையில் இருக்கிற பணத்துக்கு எத்தனை வரி செங்கல் ஏறுமோ ஏற்றுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் நம் ஆட்களைப் பார்க்கிறீர்கள்தானே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. யாராவது கரையில் உட்கார்ந்து காலண்டரைக் கிழித்துக்கொண்டிருக்கிறார்களா? படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப்போடுகிறார்கள், வலையை மடியில் போட்டுக் கண்ணி கண்ணியாகக் கிழிசல் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. அவர்களுக்கு ஜூன் 14 என்று ஒரு தேதி தெரியும். உங்களுக்குத் தெரியாது. உங்களை அரிப்பது காத்திருப்பு இல்லை, தேதி இல்லாததுதான். அதனால் தேதியை நீங்களே வையுங்கள். 42 என்பது அரசாங்கம் வைத்த எல்லை. உங்கள் வீட்டுக்கு எல்லை எது? 36-ஆ, 38-ஆ? எத்தனை முறை எழுதுவீர்கள்? மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவர் ஒரு வயதைச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். மெயிலைக் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை பாருங்கள், போதும்.

உடம்பைப் பற்றி. 34 வயது முட்டி இருபது வயது முட்டி இல்லை. சினிமாவில் வருகிற மாதிரி கடற்கரை மணலில் ஓடாதீர்கள். கரை ஒரு பக்கம் சரிவு, கணுக்கால் போய்விடும். பள்ளிக்கூட மைதானத்து மண் தரை நல்லது. தடைக்காலத்தில் உங்கள் கம்பெனியில் ஐஸ் ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும், அந்த இரண்டு மாதத்தை உடம்புக்கு ஒதுக்குங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால். பல் டாக்டரைப் பாருங்கள். ராணுவ மருத்துவத்தில் பல்லுக்கு மதிப்பெண் உண்டு, குறைந்தது 14 வேண்டும். சொத்தையை அடைப்பதற்கு இப்போது நேரம் இருக்கிறது, அழைப்பு வந்தபின் இருக்காது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், சிரிக்காதீர்கள், என் செட்டில் நடந்தது. பிரஷர், சுகர் பார்த்துவிடுங்கள். கருவாட்டைக் குறையுங்கள். எனக்கே முடியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நம் ஊர் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் கார்டில் அதுவே முன்னும் பின்னும் மாறி. வடக்கே இருக்கிற குமாஸ்தாவுக்கு இந்த மூன்றும் மூன்று ஆள். இப்போதே ஒன்றாக்குங்கள். இன்னொன்று, சாலை மறியல், ரயில் மறியல் என்று எதிலாவது உங்கள் பேரில் வழக்கு இருந்தால் போலீஸ் விசாரணையில் மறைக்காதீர்கள். கடற்கரைக்காரனுக்கு இது சகஜம். வழக்கைவிட மறைத்ததுதான் ஆளைக் கவிழ்க்கும்.

டீக்கடைக்காரர்களுக்கு என்ன பதில் என்று கேட்கிறீர்கள். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படை விமானதளமான ஐ.என்.எஸ். பருந்து என்று சீருடை கண்ணில் படாத நாள் நம் பக்கம் கிடையாது, அதனால் கேலியும் ஓயாது. இனி எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதை வீட்டைத் தாண்டிச் சொல்லாதீர்கள். கலாம் ஐயா விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரை மட்டும் எடுத்ததால் திரும்பிய கதையை உங்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! நான் சொல்லப்போவதில்லை. ஒன்பதாவதாக வந்து அப்புறம் வேறு எதுவுமாக ஆகாமல் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் சாப்பாடு நன்றாகவே இருக்கும்.

செங்கல் எத்தனை வரி ஏறியது என்று ஆவணியில் எழுதுங்கள்.

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் படித்து ஏழு வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வயது 31. ராணுவத்தில் சேர எனக்கு வயது போய்விட்டதா?
— வாசகி, கீழக்கரை

பதில்: போகவில்லை, தங்கச்சி. ராணுவச் செவிலியர் பணியில் குறுகிய காலச் சேவை என்று ஒன்று உண்டு. 2023 டிசம்பர் அறிவிப்பில் அதற்கு வயது 21 முதல் 35 வரை. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலே தம்பிக்குச் சொன்ன இனிஷியல் விஷயம் உங்களுக்கும் பொருந்தும். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வந்திருந்தால் அதைச் சரிசெய்யும் வேலையை நாளைக்கே தொடங்குங்கள்.