அச்சிட்ட சிடிக்கும் நாம் எழுதும் சிடிக்கும் என்ன வேறுபாடு?

கடையில் வாங்கிய பாட்டு சிடி பல ஆண்டுகள் பாடும்போது, கணினியில் நாமே எழுதியது மட்டும் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டுகள்தாம். தகவல் பதிந்திருக்கும் விதமே வேறு.

தொழிற்சாலையில், உருகிய பாலிகார்பனேட்டை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும்போதே நுண்ணிய குழிகள் தட்டில் பதிந்துவிடுகின்றன. அதன்மேல் மெல்லிய அலுமினியப் படலமும் காப்புப் பூச்சும் ஏறுகின்றன. நாம் எழுதுவதற்கு வாங்கும் வெற்று சிடி-ஆர் தட்டில் அந்தக் குழிகளே கிடையாது. லேசர் வழிதவறாமல் செல்வதற்கான சுருள் தடமும், அதன்மேல் பூசிய கரிமச் சாயமும், வெள்ளி அல்லது தங்கப் படலமும்தான் உண்டு. எழுதும்போது லேசரின் சூடு பட்ட இடங்களில் சாயம் சிதைந்து, திரும்பி வரும் ஒளி குறைந்துவிடுவதால், படிக்கும் கருவி அவ்விடங்களைக் குழிகளாகவே எடுத்துக்கொள்கிறது. அடிப்பக்கத்தில் தெரியும் நீலமோ வெளிர்பச்சையோ பெரும்பாலும் அந்தச் சாயத்தின் நிறம்தான்.

சாயம் என்பதால் வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை மெல்ல மாற்றிவிடும். காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் கிடக்கும் தட்டு விரைவில் கெடுவது இதனால்தான். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவில் சாயத்துக்குப் பதில் உலோகக் கலவை இருக்கிறது. ஆனால் அது ஒளியை மிகக் குறைவாகவே திருப்புவதால் பழைய பிளேயர்கள் பல அதை ஏற்பதில்லை.

இன்னொன்று, எந்தச் சிடியானாலும் அதிகம் காக்க வேண்டியது பெயர் எழுதும் மேற்பக்கத்தைத்தான், ஏனெனில் படலம் அந்த மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் பால்பாயிண்ட் பேனாவின் முனையே அதைக் கெடுத்துவிடும்.