மரத்தில் பட்ட காயம்

வணக்கம் ஐயா,

போன மாதம் வேலை விஷயமாக தில்லி போயிருந்தேன். கிடைத்த அரைநாளில் சோம்நாத் ஹோர் என்ற வங்காள ஓவியரின் கண்காட்சிக்குத் தோழி கூட்டிப் போனாள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை வரைந்த படங்கள் மனதைத் தொட்டன. ஆனால் ஓர் அறை முழுக்க வெறும் வெள்ளைத் தாள்கள். அங்கங்கே கீறல், பொத்தல், அவ்வளவுதான். கோயிலில் நிற்பது போல எல்லோரும் நின்றார்கள், எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதையெல்லாம் பெரிய விலைக்கு வாங்குகிறார்களாமே? என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எப்படிப் புரியும்? நவீன ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.

ஒரு வாசகி, சுங்கைப்பட்டாணி, மலேசியா

அன்புள்ள வாசகி,

விலைக் கதையை விடுங்கள், அது ஏலம் போடுகிறவர்களின் கவலை. சிரித்ததும் பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். ஆனால் 'தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். என்னம்மா பேச்சு இது? நம்மைப் பற்றி மற்றவர்கள் சொன்னது போதாதென்று நாமே சொல்ல ஆரம்பித்துவிட்டோமா? அதுவும் பாட்டியைச் சாட்சிக்கு இழுத்து!

அந்த வெள்ளைத் தாள்களின் பெயர் 'காயங்கள்'. ஹோர் 1971 வாக்கில் செய்யத் தொடங்கினார். களிமண்ணைத் தகடாகப் பரப்பி அதில் கத்தியால் கீறுவார், சூடுபோடுவார், குத்துவார். அதன்மேல் சிமெண்ட் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழைப் போட்டு அழுத்துவார். காய்ந்து வரும் தாளில் மையே கிடையாது. மண்ணில் போட்ட வெட்டு மட்டும் அப்படியே வந்து நிற்கும். இப்போது சொல்லுங்கள், வெட்டும் வெள்ளையும் யாருக்குத் தெரியாத விஷயம்?

என் அம்மாவும் பால்வெட்டுத்தான். கெடாவில் பீடோங் பக்கம் இன்று செம்பனையாகிப்போன ஒரு தோட்டத்தில். பள்ளி விடுமுறையில் விடியும் முன்னே என்னையும் கூட்டிப் போவார், நெற்றியில் விளக்கு, தோளில் பால் சுமக்கும் காண்டா வாளி. மரத்தை வெட்டுவது என்றால் ஏதோ விறகு வெட்டுவது போலச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். சரிவாக, ஒரு நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால் கத்தி கட்டையில் பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு வயதில் அம்மா பார்க்காத நேரம் நான் கத்தியை எடுத்து ஒரு மரத்தில் வெட்டிப் பார்த்தேன். ஆழமாகப் போய்விட்டது. அம்மா அடிக்கவில்லை. சத்தம் போடாமல் குனிந்து ஈரமண்ணை அள்ளி அந்த வெட்டின்மேல் அப்பினார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வருவதற்குள். அப்படியும் அவர் கண்டுபிடித்துவிட்டார். விளக்கை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார், மண் பூசிய மேடு நிழல் காட்டிவிட்டது. என் முன்னால்தான் அம்மாவைப் பேசினார். என்ன பேசினார் என்று இங்கே எழுத மாட்டேன். நான்தான் வெட்டினேன் என்று அன்றைக்கு நான் வாயைத் திறக்கவும் இல்லை.

அப்புறம் எத்தனையோ வருசம் அந்த மரம் இருந்தது. ஒவ்வொரு காலையும் பால் வடியும் மங்குக் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு அம்மா அந்த முண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவார். எனக்குக் கண்காட்சிக் கூடம் அதுதான், வேறெதையும் நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. ஹோர் வெள்ளைத் தாளில் தொடங்கியவர் அல்லர். 1921-இல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர். 1943 பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களை வரைந்து வரைந்து கைபழகியவர், பழக்கியவர் ஓவியர் சித்தபிரசாத். 1946 கடைசியில் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் குத்தகை விவசாயிகள் எழுந்தபோது, அதுதான் தேபாகா போராட்டம், கம்யூனிஸ்ட் கட்சி அவரை ரங்பூருக்கு அனுப்பியது. அடுத்த வருசம் வடவங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வரைந்தார். அது 1947. அதே 1947-இல் நம் கெடாவில், இதே பீடோங்கைச் சுற்றி, கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தொண்டர் படை நின்றது, போலீஸ் அடித்தது, உயிரும் போனது. அந்தத் தாத்தாக்களின் முகத்தை யாராவது ஒரு பென்சிலால் வரைந்து வைத்திருந்தால் நான் இதுவரை பார்த்ததில்லை. தேடாமலும் இல்லை. அங்கே வங்கத்தில் ஒருவர் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், அவருடைய அறைக்குள் நுழைந்து நீங்கள் சிரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கோபம் வராதா?

சரி, திட்டியது போதும். நீங்கள் எதிரே நின்று பார்த்திருப்பீர்கள், அதனால்தான் வெறும் தாளாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை சுவரோரமாக ஒதுங்கி நின்று, மண்டோர் விளக்குப் பிடித்த மாதிரி, பக்கவாட்டில் பாருங்கள். விளக்கக் குறிப்பைக் கடைசியில் படிக்கலாம். கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம், அதில் எதுவும் விழாது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பொதுவாகக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் அந்த விவசாயிகளோடு இருந்தபோது எழுதிய தேபாகா நாட்குறிப்பு கோட்டோவியங்களோடு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அதைத் தேடுங்கள். கிடைத்தால் எனக்கும் ஒன்று வாங்குங்கள், பணம் தந்துவிடுகிறேன். என்னிடம் இருந்ததை ஒருவர் இரவல் வாங்கிப் போய் ஆறு வருசமாகிறது. அவரும் இதைப் படிப்பார்.