ஃபார்ன்பரோ 1952: இறக்கையை முறித்தது எது?

அன்புள்ள ஐயா,

1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் நடந்த விமானக் கண்காட்சியில் டி ஹாவிலண்ட் 110 போர்விமானம் சிதறிய காணொளி ஒன்றைப் பார்த்தேன். ‘ஒலித்தடையில் மோதி உடைந்தது’ என்கிறார்கள். உண்மையா? அத்தனை பேர் செத்த பிறகும் கண்காட்சியைத் தொடர்ந்தார்களாமே, அது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒலித்தடைக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. 1952 செப்டம்பர் 6 அன்று விமானி ஜான் டெரியும் உடன் பறந்த டோனி ரிச்சர்ட்ஸும் சுமார் 40,000 அடியிலிருந்து பாய்ந்து இறங்கி ஒலிவேகத்தைத் தாண்டினார்கள். அந்த வெடியோசை கூட்டத்துக்குக் கேட்டது. அதுவரை விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தாழ்வாக வந்து, இடப்பக்கம் சாய்ந்து கூட்டத்தை நோக்கித் திரும்பி, நேராகிக்கொண்டே மேலே எழும்பியபோதுதான் உடைந்தது. அப்போது வேகம் சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர். தரையருகே இது ஒலிவேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1946 செப்டம்பரில் அதே டி ஹாவிலண்ட் (சுருக்கமாக டி.எச்.) நிறுவனத்தின் வாலில்லாத டி.எச். 108 விமானம், ஒலிவேகத்தை நெருங்கும் சோதனைகளின்போது தேம்ஸ் முகத்துவாரத்தின் மேல் உடைந்து, அதை ஓட்டிய, நிறுவனரின் மகன் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இறந்தார். இரண்டு விபத்துகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

விமானத்தை மேலே இழுக்கும்போது இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி வளைகின்றன. கூடவே உருட்டித் திருப்பினால், மேலேற வேண்டிய இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எய்லரான் என்ற அசையும் பலகை கீழே இறங்குகிறது. அது அந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை தருகிறது. பின்விளிம்பை மேலே தள்ளி இறக்கையை முறுக்கவும் செய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்கு. விமானியின் முன்னால் உள்ள ஜி மானி (சுமை புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் கருவி) உடற்பகுதியின் சுமையை மட்டும்தான் காட்டும். இறக்கை நுனிப்பகுதி முறுக்கப்படுவது அதில் தெரியாது. போர்விமானக் கையேடுகளில் நேராக இழுப்பதற்கு ஒரு ஜி வரம்பும், உருட்டிக்கொண்டே இழுப்பதற்கு அதைவிடக் குறைந்த இன்னொரு வரம்பும் இருப்பது இதனால்தான்.

டி.எச். 110இன் இறக்கையில் முறுக்கைத் தாங்கும் முக்கியமான பகுதி முன்விளிம்பு. தகட்டை ஆங்கில ‘டி’ (D) எழுத்துபோல வளைத்து, இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உத்திரமான ஸ்பாரோடு இணைத்திருந்தார்கள். அந்த வளைவுக்குள் முன்பக்கத்தில் தனியாக ஒரு குறுக்குச்சுவர் கிடையாது. அதே நிறுவனத்தின் முந்தைய வேம்பையர், வெனம் விமானங்களுக்கு இந்த அமைப்பு போதுமானதாக இருந்தது. (நம் பெங்களூரில் எச்.ஏ.எல். உரிமம் பெற்றுக் கட்டியதும் வேம்பையர்தான்.) அவை வேகம் குறைந்தவை. 110க்கு அது போதவில்லை. அந்தத் தகடு, தாங்கும் என்று எதிர்பார்த்த சுமையில் 64 சதவீதத்துக்கே மடங்கியது.

ஒரு சார்ட் தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். லேசாக வளைத்தால் தாங்கும், லேசாக முறுக்கினாலும் தாங்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். சாய்வாக ஒரு மடிப்பு விழும், அடுத்த கணம் குழாய் நசுங்கிவிடும். அந்த இறக்கையிலும் அப்படித்தான்.

வெளி இறக்கைகள் முறிந்தன. பின்சாய்ந்த இறக்கையில் நுனிகள் வால்பக்கமாகத் தள்ளியிருக்கும். அவை போனதும் மிச்சமுள்ள தூக்குவிசை மூக்குப்பக்கம் நகரும். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. அந்தச் சுமையில் விமானியறையும் இரண்டு ஏவன் எஞ்சின்களும் பிய்ந்துகொண்டன. மேலே இழுக்கத் தொடங்கி ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்தது. டெரி செய்வதற்கு எதுவுமே இல்லை.

மீதமிருந்த விமானக்கூடு அகலமானது, காற்றில் தத்தளித்து மெதுவாக இறங்கியது. எஞ்சின் அப்படியல்ல. சுமார் ஒரு டன் எடை, குறுகலான உருளை, நொடிக்கு 230 மீட்டர் வேகம். எறிந்த கல்போல அது முன்னே போய்க்கொண்டே இருக்கும். ஓர் எஞ்சின் ஆளில்லாத இடத்தில் விழுந்தது. மற்றொன்று கூட்டம் நிறைந்து நின்ற அப்சர்வேஷன் ஹில் மேட்டில் இறங்கியது. இறந்த பார்வையாளர்கள் 29 பேரில் பெரும்பாலோர் அங்கே நின்றவர்கள். இத்தனை பேர் சாகக் காரணம் இறக்கையின் பலவீனம் மட்டுமல்ல, விமானம் பறந்த திசையும்தான். கூட்டத்துக்கு இணையாகப் பறந்திருந்தால், அதே இறக்கை முறிந்திருந்தாலும் எஞ்சின்கள் ஓடுபாதையின் நீளவாக்கிலேயே போயிருக்கும்.

சிதைவுகளை அகற்றியபின் கண்காட்சி தொடர்ந்தது உண்மை. சோதனை விமானி நெவில் டியூக் ஹாக்கர் ஹண்டர் போர்விமானத்தில் ஏறி, அவரும் ஒலிவேகத்தைத் தாண்டிக் காட்டினார். பிரதமர் சர்ச்சில் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். போர் முடிந்து ஏழே ஆண்டுகள். சோதனை விமானிகள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்த காலம். கட்டப்பட்ட மூன்று டி.எச். 108களுமே விமானியோடு அழிந்தன. அந்தச் சூழலில் இது துணிவாகப் பட்டிருக்கும். டியூக்கின் துணிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் மேட்டில் நின்றவர்கள் தம் உயிரைப் பணயம் வைக்க ஒப்புக்கொண்டு வந்தவர்கள் அல்லர். அன்றைய காட்சியை அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

110இன் இறக்கையைப் பிறகு பலப்படுத்தினார்கள். 1959இல் அது சீ விக்சன் என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போனது. கண்காட்சி விதிகளும் மாறின. நேராகப் பறக்கும் ஜெட், கூட்டத்திலிருந்து 230 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று அப்போது வகுத்தார்கள். சாகசம் செய்தால் 450 மீட்டர். உயரம் எப்போதும் குறைந்தது 150 மீட்டர். அதன்பின் 2015இல் ஷோரம் ஊர்க் கண்காட்சியில் நடந்த விபத்துவரை பிரிட்டிஷ் விமானக் கண்காட்சிகளில் தரையில் இருந்த பொதுமக்கள் உயிரிழக்கவில்லை. ஷோரமில் இறந்த 11 பேரும் வேலிக்கு வெளியே, நெடுஞ்சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்தவர்கள். விதிகள் அளந்தது, சீட்டு வாங்கி உள்ளே நின்றவர்களுக்கான தூரத்தை.